வண்டு விழுந்த ரவையும் விலையில்லாக் கோழியும்

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும் சொற்கள் சிலவற்றை எழுதித் தருமாறு ஆலையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஊக்கம் தருவது என் துறையன்று. நான் வாழ்நாள் முழுவதும் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் வாங்கியவன். அதுவும் வேளாண் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பிறகு வாங்கியவன். ஊக்கம் வேண்டுவோர் நிர்வாகத்தின் காணொளிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் பின்னணி இசையும் உண்டு.

நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஓரகடம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை, தேநீர்க் கடைகளில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், தொழிலாளர்கள் பசித்திருக்கும்போது அவர்களுடைய சோற்றரிசியை அள்ளிக் கோழிக்குப் போட்ட மனிதர் இவர் என்பது அந்தக் கதை. அதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அன்று அந்தச் சோற்றைத் தின்றவர்கள். மீதிப்பேர் அந்தக் கோழியைத் தின்றவர்கள். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு இதில் பயன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையெனினும் தேநீர்க் கடையில் வாய் திறக்குமுன் சற்று யோசிப்பீர்கள்.

நம் தொழில் எப்படி இயங்குகிறது என்பதைப் பயிற்சி வகுப்பில் வண்ணப் படங்களோடு காட்டியிருப்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். குஞ்சு நம்முடையது, தீவனம் நம்முடையது, மருந்து நம்முடையது. கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையவை. அவர் ஆறு வாரம் வளர்த்துக் கொடுப்பார். நாம் வியாபாரியின் வண்டியை அனுப்பிக் கோழியைப் பிடித்து விற்போம். அவருக்கு வளர்ப்புக் கூலி தருவோம். இந்தச் சக்கரத்தில் எங்கும் நிறுத்தும் விசை கிடையாது. இந்தச் சிறு உண்மையைப் புரிந்துகொள்ள ஒரு நிர்வாகத்துக்கு உலகளாவிய நோய் ஒன்று தேவைப்பட்டது.

அந்த ஆண்டு நோய் வருமுன் அதைப் பற்றிய வதந்தி வந்து சேர்ந்தது. கோழிக்கறி தின்றால் தொற்றிக்கொள்ளும் என்று யாரோ ஒரு காணொளியைப் பரப்பினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையின் உணவுக்குழு கூடியது. குழுவில் இருந்தவர்கள் அனைவரும் பொறியாளர்கள். இரும்புத் தகட்டில் மயிரிழை தடிமன் கூடினாலும் திருப்பி அனுப்புகிறவர்கள். கோழியின்மீது குற்றம் சாட்ட அவர்களுக்குக் கைப்பேசிக் காணொளி ஒன்று போதுமான சான்றாக இருந்தது. புதன்கிழமைக் கோழிக்குழம்பு நீக்கப்பட்டு, காலிஃபிளவர் குழம்பு ஏற்றம் பெற்றது. அடுத்த தொழிற்சாலை அதைப் பார்த்தது. அதற்கடுத்தது இதைப் பார்த்தது. படப்பையில் ஒரு கடைக்காரர், கோழி வாங்கினால் முட்டை இலவசம் என்று பலகை மாட்டினார். முட்டை வாங்கினால் கோழி இலவசம் என்று மாற்றி எழுதலாமா என்று அடுத்த வாரம் என்னிடமே ஆலோசனை கேட்டார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். கடையில் விலை விழுந்தால் வியாபாரி கொட்டகைக்கு வரமாட்டார். கொட்டகை காலியாகாவிட்டால் புதுக் குஞ்சு விட இயலாது. குஞ்சு குறைந்தால் தீவன ஆலை மக்காச்சோளம் வாங்கத் தயங்கும். பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒருவர் மழையையும் படைப்புழுவையும் தாண்டி அறுவடை செய்து களத்தில் கொட்டிவைத்திருந்த சோளத்தின் விலை, இருங்காட்டுக்கோட்டையில் யாரோ புதன்கிழமை குழம்பை மாற்றியதால் சரிந்தது. வேளாண் சந்தை என்பது இதுதான். இதைத்தான் நான் இரண்டாண்டுகள் முதுகலையில் படித்தேன். அங்கே குழம்பு என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தமாட்டார்கள்.

இந்த நேரத்தில் எங்கள் ஆலைக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்திருந்தார். முதலாளியின் ஒரே மகளை மணந்தவர். ஓரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உயர்ந்த பொறுப்பில் இருந்துவிட்டு வந்தவர். ஆலையில் அனைவரும் அவரை முன்னால் ‘சார்’ என்றும் பின்னால் ‘மாப்பிள்ளை’ என்றும் அழைத்தார்கள். நான் முன்னாலும் பின்னாலும் ‘தம்பி’ என்றே அழைத்தேன். அது அவருக்குப் பிடிக்காது என்பதை அறிந்தே அழைத்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே கிடங்கைப் பார்வையிட்டார். கூரை வரை அடுக்கியிருந்த சோள மூட்டைகளைக் கண்டு, குளியலறையில் பாம்பைக் கண்டவர்போல் நின்றார்.

“சார், இதுல எவ்ளோ பணம் தூங்கிக்கிட்டு இருக்கு, தெரியுமா?”

“தூங்கல தம்பி. காத்துக்கிட்டு இருக்கு.”

“எங்க பழைய பிளான்ட்ல பம்பர் காலைல வரும், மத்தியானம் வண்டியில ஏறிடும். ஸ்டாக்குன்னு ஒண்ணே கிடையாது. இங்கயும் அப்படித்தான் கொண்டு வரப்போறேன். விலை தினம் இறங்குது. இன்னிக்கு வாங்கறவன் ஏமாளி, நாளைக்கு வாங்கறவன் புத்திசாலி.”

“பம்பர் தீனி கேக்காது தம்பி.”

அருகில் நின்ற ஷிஃப்ட் சூப்பர்வைசர் குமரவேல் சிரித்துவிட்டார். பிறகு அதை மறைப்பதற்காக இருமினார். அந்நாளில் சிரிப்பதைவிட இருமுவது ஆபத்தானது. மாப்பிள்ளை நான்கடி பின்வாங்கினார்.

எனக்கு முதன்முதலில் வேலை கற்றுத் தந்த அதிகாரி ஒருவர் இருந்தார். நாள்தோறும் காலையில் வந்தவுடன் மூன்று கேள்விகள் கேட்பார். கொட்டகைகளில் எத்தனை கோழி தின்றுகொண்டிருக்கிறது? கிடங்கில் எத்தனை நாளைக்குத் தீனி இருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கேட்ட பிறகே, சந்தையில் இன்று என்ன விலை என்பார். மாப்பிள்ளை காலத்தில் மூன்றாவது கேள்வி முதலிடத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் கேட்கப்படவே இல்லை. கூட்டத்தில் நான் என் மறுப்பைத் தெளிவாகச் சொன்னேன். அன்று அங்கிருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கொடுத்தவர் வேறெங்கே பார்ப்பார்?

கிடங்கு காலியாயிற்று. மாப்பிள்ளை அந்த வெற்றிடத்தைப் புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். பிறகு ஊரடங்கு வந்தது.

கால்நடைத் தீவனம் அத்தியாவசியப் பொருள் என்று ஆணை பிறந்தது உண்மை. ஆனால் அந்த ஆணை ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் நடந்தே சென்று சேர்ந்ததாகத் தெரிகிறது. லாரி இருந்தது, ஓட்டுநர் ஊருக்குப் போய்விட்டார். ஓட்டுநர் இருந்தார், மூட்டை ஏற்ற ஆளில்லை. இரண்டும் இருந்தன, வழியில் டீயும் டயரும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தம் அறையில் அமர்ந்து, புத்தக அலமாரி முன்னிலையில் பேசும் வல்லுநர் ஒருவரின் காணொளி உரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சோள விலை இன்னும் இறங்கும் என்றார் வல்லுநர். அவர் சொன்னபடியே இறங்கியது. இறங்கிய அந்த விலையில் ஒரு மூட்டைகூட எங்கள் வாசலுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். திரையில் தெரிவது விலை; வாசலில் இறங்குவதுதான் சரக்கு. சாதாரண நாள்களில் இரண்டும் கைகோத்து நடப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெருந்தொற்று அந்தக் கையைப் பிரித்தது. களத்தில் சோளம் விலையின்றிக் கிடந்தது, கொட்டகையில் கோழி தீனியின்றி நின்றது, பூட்டிய கடை வாசலில் வாங்க வந்தவர் கறியின்றித் திரும்பினார். மூவருக்கும் நடுவே ஒரு லாரியும் நான்கு சுமைதூக்குவோரும் இல்லை, அவ்வளவுதான் குறை. இதைச் சொல்ல அலமாரி எதற்கு?

தப்பிப் பிழைத்து வந்த ஓரிரு லாரிகளைக் கொண்டு, தீனியைப் பாதியாகக் குறைத்து ஓட்டினோம். பிறகு அதுவும் தீர்ந்தது. அன்று கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மாப்பிள்ளை ஒலிபெருக்கியில் போட்டார். பேசியவர் எஸ்தர். மண்ணூருக்கு அப்பால் எங்களுக்குக் கோழி வளர்த்துத் தந்த பண்ணைக்காரர். முன்பு மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் லைனில் நின்று வேலை செய்தவர். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது கையில் கிடைத்ததை முழுவதும் போட்டுக் கொட்டகை கட்டியவர். எங்கள் பண்ணைக்காரர்களில் அவரைப்போல் சுத்தமாகக் கொட்டகை வைத்திருந்தவர் இல்லை. அவரைப்போல் வாய் பேசியவரும் இல்லை.

“சார், கோழி புடிக்க வண்டி வர்ல. தீனி வண்டியும் வர்ல. ஒண்ணு கோழிய எடுத்துக்கினு போங்க, இல்ல தீனியப் போடுங்க. ரெண்டும் இல்லன்னா இன்னா அர்த்தம்?”

“மேடம், கொஞ்சம் பொறுங்க. எல்லா இன்டஸ்ட்ரியும் இப்ப நிறுத்தி வெச்சிருக்காங்க. நாமளும் லைன நிறுத்தி வெச்சிருக்கோம், அவ்ளோதான்.”

“லைனா? நான் லைன்ல நின்னவ சார். லைன நிறுத்துனா மிஷின் சும்மா கீது. இது சும்மா கீதா? தீனி இல்லன்னா ஒண்ண ஒண்ணு கொத்தி ரத்தமாக்குது. நீங்க நேர்ல வந்து கோழிங்களுக்கு ஒரு மீட்டிங் போட்டு, நிறுத்தி வெச்சிருக்கோம்னு சொல்லிட்டுப் போங்க. கேக்குதான்னு பாக்கலாம்.”

மாப்பிள்ளை ஒலிபெருக்கியை அணைத்தார். இம்முறை குமரவேல் இருமவில்லை. முகக்கவசம் அணிந்திருந்ததால் தேவைப்படவில்லை.

மறுநாள் நான் இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்பட்டேன். தானியம் சோளமாகத்தான் இருக்கவேண்டும் என்று கோழி அடம்பிடிப்பதில்லை. நொய்யரிசியும் கோதுமையும் ஓரளவு அதன் இடத்தை நிரப்பும். நம் வட்டாரத்தில் அவை எங்கே அடைபட்டுக் கிடக்கும் என்று யோசித்தேன். தொழிற்சாலைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றின் கேன்டீன்களுக்கு வாங்கிய சரக்கு மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. பல தொழிற்சாலைகளுக்குச் சமைத்துப் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய சரக்கறையைத் திறந்ததும் வண்டுகள் எங்களுக்கு முன்னால் வெளியே வந்தன.

“பாத்தீயளா சார்? ரவை பூரா வண்டு. கோதுமை மாவு கட்டி கட்டியாப் போச்சு. அந்தா கெடக்கது நொய்யி. புழுங்கலரிசி மட்டும் கல்லு மாதிரி நல்லாருக்கு. மொத்தத்தையும் எடுத்துக்கிடுங்க. பிரிச்செல்லாம் தரமாட்டேன். கட்டடத்துக்காரன் எடத்தக் காலி பண்ணுங்கான்லா.”

விலை மலிவு. மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மகிழ்ந்தார்.

“சூப்பர் சார்! மொத்தமா அள்ளிடுங்க. அரிசியா இருந்தா என்ன, சோளமா இருந்தா என்ன? கோழிக்கு மாவுச்சத்துதானே?”

சரக்கறையின் கம்பிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். வாடகை அறைகளில் தங்கியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒடியர்களும் பீகாரிகளும் நம் தென் மாவட்டத்துப் பிள்ளைகளும். ஷிஃப்ட் முறையில் ஒரே பாயில் மாறி மாறி உறங்கப் பழகியவர்கள் இப்போது அனைவரும் ஒரே நேரத்தில் உறங்க வேண்டியிருந்தது. அதற்குப் பாயும் போதவில்லை, சோறும் போதவில்லை. கையில் வாளி, சட்டி, அடுக்குப் பாத்திரம். அந்த வரிசையில், நிறுவன அடையாள அட்டையைக் கழுத்தில் இன்னும் தொங்கவிட்டபடி, உணவுக்குழுவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரும் நின்றார். காலிஃபிளவர் புகழ் பெற்ற குழு. என் வண்டியில் கோழிப்படம் இருந்ததைப் பார்த்து அருகே வந்தார்.

“சார், சிக்கன்ல இப்ப கொரோனா இல்லையாமே?”

“எப்பவும் இல்ல. அது உங்க கமிட்டிலதான் இருந்துச்சு.”

தொலைபேசியில் மாப்பிள்ளை காத்திருந்தார். “தம்பி, வாசல்ல ஆளுங்க சட்டியோட நிக்கிறாங்க. அவங்க கண்ணு முன்னால புழுங்கலரிசிய தீவன வண்டில ஏத்தச் சொல்றீங்களா?”

“அது நம்ம பிரச்சின இல்லையே சார்.”

“வண்டி இந்த கேட்ட தாண்டுற வரைக்கும் நம்ம பிரச்சினதான்.”

எடுக்காவிட்டால் கோழி சாகும். எடுத்தால், வெளியே நிற்பவர்களின் சோற்றை நான் கொண்டுபோகிறேன். இத்தகைய நேரத்தில் கையில் இருக்கும் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் வழி தெரியாது. என் பழைய அதிகாரியின் முதற்கேள்விக்குத் திரும்பினேன். எத்தனை கோழி தின்றுகொண்டிருக்கிறது? தீனியை எங்கே கூட்டுவது என்றே அனைவரும் தேடினோம். தின்னும் வாயை எங்கே குறைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எஸ்தர் கொட்டகையில் பிடிக்கும் வயதைக் கடந்த கோழிகள் நின்றன. வியாபாரி வராத காரணத்தாலேயே நின்று, தின்றுகொண்டிருந்தன.

“அண்ணாச்சி, இந்த ஆளுங்களுக்கு நீங்க ஏன் சமைச்சுப் போடல?”

“ரெண்டு கம்பெனில கேட்டாக சார். அரிசி இருக்கு. காய்கறி எங்க வருது? வெறுஞ்சோத்தப் போட்டு ஏச்சு வாங்கவா?”

“புழுங்கலரிசி உங்ககிட்டயே இருக்கட்டும். தொட்டுக்க நான் கோழி தர்றேன். ரவையும் மாவும் நொய்யும் எனக்கு.”

“உயிர்க்கோழியா? உரிக்க ஆளு வேணும்லா?” அண்ணாச்சி கம்பிக் கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சரி, ஆளுக்கா பஞ்சம். ஆனா எல்லாவனும் லெக் பீஸ் கேப்பான் சார், அதுக்கு நான் பொறுப்பில்ல.”

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. கோழியை இலவசமாகக் கொடுத்தால் சந்தை விலை கெட்டுவிடும் என்றார். விலையே இல்லாத பொருளின் விலை கெட்டுவிடும் என்று கவலைப்பட்ட ஒருவரை நான் வாழ்வில் அன்றுதான் சந்தித்தேன். அரைமணி நேர வாதத்துக்குப் பின் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கோழியைக் கொடுக்கலாம்; ஆனால் கணக்கில் ‘இறப்பு’ என்று எழுதவேண்டும். விலையில்லாமல் விற்றதாகக் காட்டினால் மாதாந்திர விற்பனை விலைச் சராசரி அசிங்கமாகிவிடும். செத்ததாகக் காட்டினால் இயற்கையின் தலையில் போட்டுவிடலாம். இயற்கை கூட்டத்துக்கு வந்து மறுப்பதில்லை.

குமரவேலிடம் எந்தச் செய்தியும் தங்காது. நானும் அவரும் வண்டியோடு எஸ்தரின் கொட்டகைக்குப் போய்ச் சேருமுன் அவர் தொலைபேசியிலேயே அனைத்தையும் சொல்லியிருந்தார். கொட்டகை பூட்டியிருந்தது. சாவி எஸ்தரின் புடவைத் தலைப்பில் முடியப்பட்டிருந்தது. உள்ளே பசித்த கோழிகளின் இரைச்சல்.

“வா குமரவேலு. எந்தக் கோழிய புடிக்க வந்த? இங்க இருந்ததெல்லாம் செத்துப்போச்சாமே, உங்க ஆபீஸ்ல சொன்னாங்க.”

“அக்கா, என்மேல ஏன் பாயற? மேல இன்னா சொன்னாங்களோ அத சொன்னேன்.”

“செத்த கோழிக்கு வண்டி எதுக்கு? ஜெபம் பண்ணிப் பொதச்சிக்கிறேன். நீ கெளம்பு.”

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது.

“சார், நீங்க படிச்சவரு. உயிரோட வண்டி ஏறுற கோழிய செத்துதுன்னு எழுதுனா அடுத்த தபா எனக்குக் குஞ்சு தருவீங்களா? ‘அந்தம்மா ஷெட்ல சாவு ஜாஸ்தி’ன்னு தள்ளி வெச்சிடுவீங்க. உங்க ரூலே அதானே? ஒரு தபா லைன மூடுறோம்னு சொல்லி வெளிய அனுப்புனாங்க, வந்துட்டேன். அது அவங்க கம்பெனி. இது நான் கட்டுன ஷெட்டு சார். நான் ஒரு கோழியக்கூட சாக வுட்டதில்ல.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. இறப்பு மிகுந்த கொட்டகைக்குக் குஞ்சு தருவதில்லை என்பது எங்கள் நடைமுறை. மாப்பிள்ளையின் சராசரியைக் காப்பாற்ற, எங்கள் பண்ணைக்காரர்களில் சிறந்த ஒருவரின் பெயரைக் கெடுக்கவேண்டும். பெயர் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதும், அதை இழக்க அலுவலகத்தில் யாரோ ஒருவரின் சௌகரியம் போதும் என்பதும் தெரியும்.

மாப்பிள்ளையை மீண்டும் அழைத்தேன். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டின்னு சொல்லி சமாளிங்க சார்” என்றார். சமாளிப்பது என் பதவியின் பணிகளில் ஒன்றாக எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆனால் மூலப்பொருள் வாங்குவதும், அதற்கு என்ன ஈடு கொடுப்பது என்று தீர்மானிப்பதும் குறிப்பிடப்பட்டிருந்தன.

“தம்பி, இந்தக் கோழி சாகவும் இல்ல, இலவசமாப் போகவும் இல்ல. அண்ணாச்சிகிட்ட வாங்குற ரவைக்கும் மாவுக்கும் நான் குடுக்குற விலை இது. கொள்முதல் என் பிரிவு. நான் கையெழுத்துப் போடறேன். உங்க சராசரில இதுக்கு இடமே இல்ல, நிம்மதியா இருங்க.”

“பண்டமாற்றா சார்? இந்தக் காலத்துலயா?” என்றார்.

“காலம் அப்படித்தான இருக்கு.”

எஸ்தர் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். “எடை போடுவீங்களா?”

“போடுவோம்.”

“உயிர் எடையா?”

“உயிர் எடை.”

தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். கதவு திறந்தபோது கோழிகள் எங்களை நோக்கி ஓடிவந்த ஓட்டத்தை நான் வருணிக்கமாட்டேன். சோதனைச் சாவடி ஆணையைவிட வேகமாக வந்தன.

மறுநாள் அண்ணாச்சியின் சமையற்கூடத்தில் புழுங்கலரிசிச் சோறும் கோழிக்குழம்பும் கொதித்தன. உணவுக்குழுப் பொறியாளர் கோழி உரிக்கக் கற்றுக்கொண்டார். பட்டப்படிப்பில் விடுபட்ட பாடம். வண்டு விழுந்த ரவை எங்கள் ஆலையில் அரைபட்டு மற்ற கொட்டகைகளுக்குப் போனது. எஸ்தரைப்போல் மேலும் சிலருடைய முதிர்ந்த கோழிகளையும் இதே வழியில் வெளியேற்றினோம். சோளம் குறைந்ததால் கோழிகளின் கால்கள் மஞ்சள் நிறம் இழந்து வெளுத்தன. உயிர் போகவில்லை. லாரிகள் மறுபடி ஓடும்வரை தாக்குப்பிடித்தோம். கேன்டீன் வாசலிலிருந்து மூட்டைகள் தீவன வண்டியில் ஏறியதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மூட்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. தேநீர்க் கடைக் கதை அங்கே பிறந்தது. கேட்காமல் முடிவு செய்யும் வசதி நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு; கொள்முதல் பிரிவினருக்கு மட்டும் அது கூடாது.

பிறகு கடைகள் திறந்தன. வதந்தியை மறந்த மக்கள் கோழி கேட்டார்கள், கோழி இல்லை. பல மாதமாக யாரும் குஞ்சு விடவில்லையே, எங்கிருந்து வரும்? விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. மாப்பிள்ளை என் அறைக்கே வந்தார்.

“சார், உடனே உற்பத்திய ஏத்தணும். இந்த வாரத்துக்குள்ள.”

“முட்டை பொரியவே மூணு வாரம் தம்பி. அதுக்கப்புறம் வளரணும்.”

“வேகமாக்க ஏதாவது டெக்னாலஜி?”

“கோழிகிட்ட கேட்டுப் பாக்கறேன்.”

விழுந்த விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அதனாலேயே விலை ஏறியது. ஏறிய விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். அதனாலேயே அது மறுபடி விழும். அடுத்த நோய்க்கு வேறு பெயர் இருக்கலாம்; இந்த மடமைக்கு அதே பெயர்தான் இருக்கும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் நிற்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இப்போது நிறுவனங்கள் அனைத்தும் நல்ல கொட்டகைகளைத் தேடி அலைந்தன. எஸ்தரின் பெயரில் இறப்பு இல்லை. ஆகவே மூன்று நிறுவனங்கள் அவர் வாசலில் நின்றன. கொட்டகையை எங்களுக்குத் தருவதாகவே சொன்னார், ஒரு நிபந்தனையோடு. ஒரு சுற்றுக்கு வேண்டிய தீனி முழுவதும் முதலில் வந்து இறங்கவேண்டும். அதன்பிறகே குஞ்சு உள்ளே வரும்.

மாப்பிள்ளை தாமே பேசி முடிப்பதாகச் சொல்லி, குஞ்சு வண்டியோடு தம் காரில் போனார். நானும் போயிருந்தேன். தீவன லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. வழியில் எங்கோ நின்றுவிட்டது. வெயில் ஏறியது. வண்டியில் அட்டைப்பெட்டிகளுக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன.

“மேடம், லாரி வந்துகிட்டே இருக்கு. அதுவரைக்கும் குஞ்ச உள்ள விட்டுடலாமே? தீனிய முன்கூட்டியே அடுக்கி வெக்கறது எல்லாம் ஸ்டாக் மேடம், வேஸ்ட்.”

“ஆமா சார், ஸ்டாக்குதான். குஞ்சு அததான் திங்கும்.”

“ஒரு மணி நேரத்துல வந்துடும்.”

“அப்ப ஒரு மணி நேரம் வேப்பமரத்தடில வண்டிய போட்டுக்கினு நில்லுங்க. பெட்டிய தொறந்து காத்து காட்டுங்க, வெயில் பட்டா செத்துடும். செத்தா அது உங்க கணக்கு.”

முதலாளியின் மருமகன் வேப்பமரத்தடியில், பெட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து, தம் கோப்பினால் விசிறிக்கொண்டு நின்றார். லாரி வந்தது. மூட்டைகள் கொட்டகை அறையில் அடுக்கப்பட்டு முடியும்வரை எஸ்தர் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, உள்ளங்கையில் பரப்பி, மஞ்சளாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். கொட்டகைக் கதவு திறந்தது.

“இப்ப எறக்குங்க சார்.”

சுமக்கும் ஆள்கள் மூட்டை இறக்கிக் களைத்திருந்தார்கள். முதல் பெட்டியை மாப்பிள்ளையே தூக்கிக்கொண்டு போனார். குஞ்சுகள் அவருடைய வெள்ளைச் சட்டையை என்ன செய்தன என்பதை நான் எழுதப்போவதில்லை. நிறுவனத்தின் கௌரவத்தில் எனக்கு இன்றும் அக்கறை உண்டு.